செவந்திக்கு நான் நடத்திவைத்த மறுகல்யாணம்

கேபிள் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றி, ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு ஏறி வந்தார் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும். பருத்திச் சுடிதார், தோளில் துணிப்பை, வெயிலில் சிவந்துபோன மூக்கு. துணிப்பையிலிருந்து பழுத்த மாம்பழ வாசனை அறை முழுக்க வந்தது. அது மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள். மாடிகளிலிருந்து ஜனங்கள் இறைத்த பழங்களில் இரண்டை எப்படியோ பிடித்திருந்தார்.

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஜப்பானியக் கதைக்குக் குரல் கொடுப்பவர் நீங்கள்தானா?" என்று கேட்டார். அவ்வளவு சுத்தமான தமிழை எங்கள் ஊரில் மேடை போட்டால்தான் கேட்க முடியும்.

நான்தான் என்றேன். தன் பெயர் யூகோ என்றும், ஜப்பானிலிருந்து தமிழ் படிக்க வந்திருப்பதாகவும், திருவிழா பார்க்கக் காரைக்கால் வந்து லாட்ஜில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நான் ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைப் படத்தில் ஜப்பான்காரர்களுக்கெல்லாம் கண் உள்ளங்கை அகலம் இருக்கும். இவருக்கு நம் வீட்டுப் பெண் மாதிரி அளவான கண்.

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"நீங்கள் செவந்தி என்று அழைக்கிறீர்களே, அந்தப் பெண் விதவை அல்ல. வெள்ளை உடுத்தியிருந்த அன்று அவளுக்குத் திருமணம்."

அவருக்குக் காட்டிய நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். இருபத்தாறு வயதில் இரண்டாவது கல்யாணம். செவந்தி என்ற ஜப்பான் விதவைக்கு அவள் ஊரே சேர்ந்து மறுகல்யாணம் செய்துவைத்தது என்று நான் மைக்கில் சொல்லியிருந்தேன், அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் அதற்குத் தலையாட்டியிருந்தார்கள்.

பன்னிரண்டு டிஸ்க்

இது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், எனக்கு வருஷக் கணக்கு வராது. கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதற்கு அப்புறம். ஆளுக்கொரு செல்போன் வருவதற்கு முன்னால். அந்த இடைவெளியில் எங்கேயோ.

என் அண்ணன் ராஜேந்திரன் தலத்தெருவில் கேபிள் டிவி நடத்தினார். சென்னை சேனல்களோடு சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் ஓடும். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து வீடியோ, ஜவுளிக்கடை விளம்பரம், பழைய படம். அம்பகரத்தூரில் என்னைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் மோட்டார் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துபோனார். குழந்தை இல்லை. கருமாதி முடிந்து சில மாதத்தில் நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அது பொறுக்காமல் அண்ணனோடு கேபிள் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சித்தப்பா மகன் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சி.டி. கொண்டுவந்து கொடுத்தான். பன்னிரண்டு டிஸ்க். எல்லாம் ஒரே கதை, ஜப்பான் பொம்மைப் படம். பேச்சு ஜப்பான் மொழியில், கீழே ஓடும் எழுத்து சீனத்தில். எங்களுக்கு இரண்டுமே ஒன்றுதான்.

பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே ஓட்டினார். பத்து நிமிஷத்துக்குள் போன் வந்துவிட்டது, ஒரு மண்ணும் புரியவில்லை என்று. நான் மைக்கை எடுத்தேன். கல்யாண வீட்டு ரேடியோ செட்காரரிடம் வாங்கிய பழைய மைக் அது. படத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "இந்தப் பொண்ணு பேரு செவந்தி, இது அவ தங்கச்சி பொன்னி, அவங்க அப்பாவுக்குப் படகு இருக்கு" என்று ஆரம்பித்தேன். ஜப்பான் மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. வாயசைவையும் முகத்தையும் பார்த்து நானே கதை கட்டினேன். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள், நான் ஜப்பானுக்கே போனேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை லைன்மேன் குமரேசனுடையது. வரிச்சிக்குடிக்காரர். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாமல் நின்றவர். எனக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டினால் ஜாடையிலேயே புரிந்துகொண்டு ஜப்பான் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நான் தண்ணீர் குடித்து முடித்ததும் குறைப்பார். எங்கள் பழக்கம் முழுவதும் அந்த வால்யூம் குமிழில்தான் வளர்ந்தது.

பச்சை மீனும் பள்ளிக்கூட விளக்குமாறும்

மத்தியானம் டிஸ்க்கை இரண்டு தடவை போட்டுப் பார்ப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நேரலையில் பேசுவேன். கொஞ்ச நாளில் தலத்தெருவில் ஞாயிறு ஆறு மணிக்குக் குழாயடியில் ஆள் இருக்காது என்கிற நிலைமை வந்தது. பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஜப்பான்காரர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து எங்கள் ஜனங்களுக்குப் பரம திருப்தி. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெரியவர்களைக் கண்டால் குனிகிறார்கள், இறந்துபோனவர் படத்துக்கு முன்னால் சோறு வைத்துக் கும்பிடுகிறார்கள். "அட, நம்ம ஆளுங்கதான்" என்று ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிற காட்சி வந்தபோது மட்டும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. வாத்தியார் வீட்டம்மா அது நல்ல பழக்கம் என்றார். மற்ற தாய்மார்கள், எம்பிள்ளையைப் பெருக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறேன் என்று சண்டைக்கு வந்தார்கள்.

பச்சை மீனைத் துண்டு போட்டு அப்படியே தின்கிற காட்சியில் நான் சாமர்த்தியமாக, "அவிச்ச மீனு" என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் காலையில் கூடையோடு வந்த மீன்காரம்மா அஞ்சலை என்னை விடவில்லை. முப்பது வருஷமாக மீன் அறுக்கிறவளிடமா கதை விடுகிறாய், அது அவித்த மீன் இல்லை, பச்சை மீன் என்றார். மீன் அப்போதுதான் கரைக்கு வந்ததென்றால் தின்னலாம்தான் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார். எங்களில் யாரும் அதற்கு முன்னால் ஜப்பானைப் பற்றி அரை நிமிஷம் யோசித்தவர்கள் இல்லை. ரேடியோ, கைக்கடிகாரம், குண்டு விழுந்த ஊர், அவ்வளவுதான் எங்களுக்கு ஜப்பான்.

வெள்ளையும் கறுப்பும்

ஏழாவது டிஸ்க்கில் செவந்திக்கு ஒருவர் மேல் ஆசை வருகிறது. நீள முடி வைத்த நல்ல பையன். அவரை ரயிலேற்றிவிட்டு அவள் அழுகிறாள். எங்கள் ஊருக்கு அப்போது ரயில் கிடையாது, நாகூர் போய்த்தான் ஏற வேண்டும். அதனால் ரயிலேறிப் போகிறவர் என்றாலே எங்களுக்குப் பெரிய பிரிவு. அவர்தான் செவந்தியின் கணவர் என்று அறிவித்துவிட்டேன். தாலியைத் தேடினேன், காணவில்லை. அந்த ஊரில் தாலி கிடையாது போல என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது டிஸ்க்கைப் போட்டேன். செவந்தி தலை முதல் கால் வரை வெள்ளை. பெரிய வெள்ளைத் துணி தலையை மூடியிருக்கிறது. தலை குனிந்து, தரையைப் பார்த்து, அடிமேல் அடி வைத்து நடக்கிறாள். பின்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கறுப்பில். முன்னால் பூசாரி. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, அம்மா கண்ணைத் துடைக்கிறாள். சின்னக் கிண்ணத்தில் எதையோ கொடுக்கிறார்கள், செவந்தி மூன்று தடவையாக உறிஞ்சுகிறாள்.

காரைக்காலில் மாதா கோயில் இருக்கிறது. வெள்ளைப் புடவையில் கிறிஸ்தவக் கல்யாணப் பெண்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், என்னோடு படித்தவள் கல்யாணத்துக்கே போயிருக்கிறேன். ஆனால் அது ஒரு துளிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கு வந்தது அம்பகரத்தூர் வீட்டின் கூடத்தில் என்னை நடுவில் உட்காரவைத்த பதினாறாம் நாள்தான். அன்றைக்கு என்னைச் சுற்றியும் யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கும் எனக்கு யாரோ டம்ளரில் எதையோ கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

அந்த நீள முடிக்காரர் வேலைக்குப் போன ஊரில் விபத்தில் இறந்துவிட்டார் என்று மைக்கில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. குமரேசன் ஜப்பான் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அன்று தலத்தெருவே அழுதது.

அடுத்த டிஸ்க்கில்தான் வினை. செவந்தி கலர் உடையில், அடுப்பங்கரையில், முடி ஒட்ட வெட்டிய ஒரு ஆம்பளையோடு சிரித்துப் பேசிக்கொண்டு காய் நறுக்குகிறாள். மத்தியானம் முழுக்க யோசித்தேன். அது அண்ணன் என்று சொல்லிவிடலாம், கொழுந்தன் என்று சொல்லலாம். ஊர் நம்பும்; நான் எது சொன்னாலும் நம்பியது. ஆனால் அவள் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை, பொறாமையாகக்கூட இருந்தது. ஆறு மணிக்கு மைக்கைப் பிடித்து, "செவந்திக்கு மறுகல்யாணம் ஆயிடுச்சு. ஊர்ப் பெரியவங்களே முன்ன நின்னு பண்ணிவெச்சாங்க" என்றேன். குமரேசன் குமிழில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்தா மாமா

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அப்படி ஒருவர். எங்கள் சொந்தத்தில் பெண் பார்ப்பது முதல் பிணம் எடுப்பது வரை அவர் வாயிலிருந்து சரி என்று வராமல் நடக்காது. உலகம் சுற்றியவர்தான், ஆனால் ஊர் வழக்கத்தை ஒரு அங்குலம் நகர்த்த விடமாட்டார். பிரான்சில் வெள்ளை கவுன் போட்ட கல்யாணங்கள் எத்தனை பார்த்திருப்பார்! அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை செவந்திக்காக மூக்கைச் சிந்தினாரே தவிர, ஒரு சந்தேகம் கேட்கவில்லை.

குமரேசன் சில வாரம் கழித்துத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். அம்மாவுக்கு ஆசைதான், பயமும் இருந்தது. அண்ணன் யோசனையாகச் சொல்தா மாமாவிடம் போனார். மாமா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் வந்து, "ஜப்பான்காரன் மானஸ்தன். அவனே முன்ன நின்னு பண்ணிவெக்கிறான்னா அதுல கௌரவக் கொறச்சல் இருக்காது. பண்ணுங்க" என்றார். அம்மா அன்று செவந்திக்குத்தான் முதல் நன்றி சொன்னார். குமரேசனுக்குக்கூட அப்புறம்தான்.

கதை முடிந்ததும் நேயர்கள் கேட்டுக்கொண்டதால் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினோம். இரண்டாம் சுற்றில் இன்னும் உருக்கமாகப் பேசினேன், தொழில் கைவந்துவிட்டதல்லவா. அதில் அந்த வெள்ளைக் காட்சியைத்தான் யூகோ லாட்ஜ் டிவியில் பார்த்திருக்கிறார். மறுகல்யாணக் காட்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை என் கல்யாணம்.

ஒரே மூக்கு

குமரேசனிடம் யூகோவுக்கு டீ வாங்கிவரச் சொன்னேன். டிஸ்க்கைப் போட்டு ஒவ்வொரு இடமாக நிறுத்தி அவர் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடானது. தலையில் இருந்தது கல்யாணப் பெண்ணின் முக்காடு. கறுப்பு, சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு உடுத்துவது. கிண்ணத்தில் இருந்தது மணமக்கள் மாறி மாறிக் குடிக்கிற சாராயம். பக்கத்தில் கறுப்பில் நின்றவரை நான் செவந்தியின் மாமா என்று சொல்லியிருந்தேன். அவர்தான் மாப்பிள்ளை.

"அப்ப ரயில்ல போனவரு?"

"அவரேதான். சமையலறையில் இருப்பவரும் அவர்தான். திருமணத்தன்று முடியைப் பின்னால் கட்டியிருந்தார், பிறகு வெட்டிக்கொண்டார்."

நான் கொன்றது, அழுதது, மறுகல்யாணம் செய்துவைத்தது எல்லாம் ஒரே மனுஷரை. அந்தப் படத்தில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மூக்கு, முடியை வைத்துத்தான் அடையாளம். அதில் நான் என்ன செய்ய முடியும்? யூகோ சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நான் யார், அடுத்த வெள்ளிக்கிழமை என்ன என்று குமரேசன்தான் அவருக்குச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வெயிலோடு மழை பிடித்தது. பேச்சை மாற்றுவதற்காக, இப்படி மழை பெய்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். யூகோ ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் அது நரி கல்யாணம்தான், காக்காவைத்தான் கேள்விப்பட்டதில்லை என்றார். எனக்கு அந்தப் படபடப்பிலும் ஒரு சந்தோஷம் வந்தது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். உங்க ஊர்ல விதவைங்க மறுபடி கட்டிக்குவாங்களா?

"கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. வேண்டாம் என்பவர்களும் உண்டு. என் அம்மா கட்டிக்கொள்ளவில்லை."

ஊர் தடுத்ததா என்றேன். அவருக்கு என் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது.

"இல்லை. அம்மாவுக்கு விருப்பம் இல்லை. நீங்கள் விரும்புகிறீர்களா?"

இதை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் கல்யாணத்துக்கும் கேட்கவில்லை, இதற்கும் கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும், மாமா என்ன சொல்வார், ஜப்பான்காரன் என்ன செய்தான் என்று எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். குமரேசன் ஒயர் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டார். நான் ஆமாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆயிரம் பொய்

அண்ணன் மொட்டைமாடியிலிருந்து நனைந்துகொண்டு இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டார். யூகோ போகும்வரை மரியாதையாக இருந்தார். அப்புறம் கதவைச் சாத்தினார். விஷயம் இந்த நாலு சுவரோடு நிற்கட்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை போன தடவை சொன்னபடியே சொல்லிவிடு, வெள்ளிக்கிழமை முடிந்ததும் எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"ஆயிரம் பொய்ய சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நீ ஒரு பொய்தான் சொல்லிருக்க மதி."

"அது பொய் இல்லண்ணே, தப்பு. தெரிஞ்சப்புறமும் அதையே சொன்னாத்தான் பொய்."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவர் சேனலின் பேச்சுக்கு இருந்த நம்பிக்கை போகும், அது ஒன்று. இன்னொன்று, சொல்தா மாமா. அவர் சொன்ன வார்த்தைக்கு ஆதாரமே ஜப்பான்காரன்தான். அதைப் பிடுங்கினால் மாமா சபையில் அசடு வழிய வேண்டும். அசடு வழிந்த பெரிய மனுஷன் அடுத்த நிமிஷம் வேண்டாம் என்றுதான் சொல்வார். கல்யாணம் நின்றால் மறுபடியும் ஒரு ஆள் என்னைக் கேட்டு வருமா என்று வீட்டில் அம்மா சமையலறையில் அழுதார். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு எதனால் அவ்வளவு பிடிவாதம் என்று இப்போது யோசித்தாலும் ஒரே பதில்தான். செவந்திக்காகத் தலத்தெருப் பெண்கள் அழுதது நிஜ அழுகை. அந்த ஜனங்கள் என் வாயை நம்பி ஒரு ஊரையே தெரிந்துகொண்டார்கள். அவர்களை ஏமாற்றிவிட்டு, அவர்களிடமே ஆசீர்வாதம் வாங்க என்னால் முடியாது. இதைத்தான் குமரேசனிடமும் சொன்னேன். கல்யாணம் நின்றாலும் நிற்கும் என்பதையும் சொன்னேன்.

"ஜப்பானப் பாத்துட்டா நான் ஒங்களக் கேட்டேன்?" என்றார் குமரேசன். "சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க."

ஞாயிறு ஆறு மணி

யூகோவை நான்தான் வரச் சொன்னேன். அவருக்கும் ஒரு மைக் வைத்தோம். அண்ணன் ஆபீஸுக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை.

படத்தை ஓடவிடாமல், செவந்தி வெள்ளையில் குனிந்து நிற்கிற இடத்தில் நிறுத்தி வைத்தேன். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க" என்று ஆரம்பித்தேன். செவந்தி விதவை இல்லை, அன்றைக்கு அவள் கல்யாணப் பெண், அவள் புருஷன் சாகவில்லை, அடுப்பங்கரையில் நிற்பவர் அவரேதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யூகோ தன் மேடைத் தமிழில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் தங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொன்னார். விதவைகள் விரும்பினால் கட்டிக்கொள்வார்கள், ஊரைக் கேட்பதில்லை என்பதையும் சொன்னார்.

கடைசியில் நான், "வெள்ளையப் பாத்ததும் எனக்கு என் ஞாபகம்தான் வந்துச்சு, அதான் அப்படிச் சொல்லிட்டேன்" என்றேன். தண்ணீர் டம்ளரை எடுத்தேன். குமரேசனைப் பார்த்தேன். அவர் படத்தை ஓடவிட்டு ஜப்பான் சத்தத்தைக் கூட்டவில்லை. நானே முடிக்கட்டும் என்று குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். முடித்தேன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு அம்மா, அந்தப் பையன் சாகவில்லையா, நான் இரண்டு தடவையும் அழுதேனே என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர் சாராயத்தைக் கல்யாணத்திலேயே கொடுப்பார்களா என்று யூகோவிடம் விசாரித்தார். ஒரு பெண் பெயர் சொல்லாமல், ஊரைக் கேட்க வேண்டாமாமே, நிஜந்தானா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. சொல்தா மாமா வீட்டிலிருந்து மட்டும் போன் வரவில்லை.

திங்கட்கிழமை

காலை ஒன்பது மணிக்கு மாமாவே வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. அம்மா காப்பி வைத்தார். அவர் தொடவில்லை. அண்ணன் தூணில் சாய்ந்து நின்றார், நான் கதவோரம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அப்ப அது மொதக் கல்யாணமா?" என்றார் மாமா.

ஆமாங்க மாமா என்றேன். தன்னை எல்லோரும் கேட்பார்களே, எதை வைத்துச் சம்மதித்தீர்கள் என்று கேட்டால் தான் என்ன சொல்வது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பாவம், நிஜமாகவே என்ன செய்வதென்று தெரியாமல்தான் கேட்டார். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். தள்ளிப்போட்டால் எங்கள் சொந்தத்தில் எதுவும் திரும்பி வந்ததில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தள்ளிப்போடலாம் என்று அவர் தலையாட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"ஜப்பான்ல எப்படியோ இருந்துட்டுப் போவட்டுங்க மாமா," என்றார் அண்ணன். "இங்க வெள்ளிக்கிழம கல்யாணம். நீங்க வந்து முன்ன நிக்கணும்."

மாமா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் காப்பியை எடுத்து ஆற்றினார். எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே ஜவுளிக்கடைக்குப் போனோம். அம்மா கடைக்காரர் காதில் ஏதோ சொன்னார். அவர் புரிந்துகொண்டு, மறுகல்யாணத்துக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று சந்தனக் கலரும் வெளிர் நீலமுமாக எடுத்து விரித்தார். அம்மா வெளிர் நீலத்தைத் தடவிப் பார்த்தார். முந்தின நாளிலிருந்து நேராக என்னோடு பேசாதிருந்த அண்ணன், "மதி, ஒனக்கு எது வேணும்?" என்று கேட்டார்.

மேல் தட்டைக் காட்டினேன். அரக்கு, ஒரு சாண் அகலத்துக்குச் சரிகை. வெள்ளையே கட்டியிருந்தால் இந்தக் கதைக்கு அழகாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அரக்குதான் பிடிக்கும்.